குனியாமல் கூட்டுவது: வட்டக்கச்சியில் ஒரு கோழிக்கூட்டைத் திருத்திய கதை

எங்கள் வளவில் இருந்த கோழிக்கூட்டின் வாசல் 2 அடி அகலம், இரண்டரை அடி உயரம். யாரும் யோசித்து வைத்த அளவில்லை அது. போர் முடிந்து 2010இல் கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தபோது தற்காலிகக் கொட்டிலுக்குக் கிடைத்த தகரத்தில் மிஞ்சியதைக் கொண்டு மாமா கட்டினார். எட்டடித் தகரத்தை நடுவே வெட்டினால் நாலடி. ஆகவே கூடும் முன்பக்கம் நாலடி உயரம், பின்பக்கம் மூன்றடி. அதற்கு முன்னால் 16 அடிக்கு 10 அடியில் வலை அடித்த அடைப்பு. பிராந்துக்குப் பயந்து மேலேயும் வலை கட்டியிருந்தார்கள், அதுவும் நெஞ்சு உயரத்தில். கோழி நிமிர்ந்து நடக்கும். மனிசர் நடக்க ஏலாது.

வாசல் சின்னதாக இருந்தால்தான் மரநாய் வராது என்று ஊரில் சொல்வார்கள். மரநாய்க்கு உள்ளங்கை அகல ஓட்டை போதும். அந்தச் சின்ன வாசல் உண்மையில் தடுத்தது மாமியைத்தான்.

மாமிக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. பதினெட்டுப் பேடும் இரண்டு சேவலும் அவருடைய சொத்து. முட்டைக் காசு அவருடைய கைக்காசு, அதில் வீட்டில் யாரும் கை வைப்பதில்லை. 2022 மாரியில் கூடு நாறத் தொடங்கியது. குசினி யன்னலைத் திறக்க முடியாத நாற்றம். அந்த மாரியிலேயே பொரித்த பதினொரு குஞ்சில் ஏழு இரத்தக் கழிச்சலில் போய்விட்டன. வந்தவர் போனவர் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: கூட்டைக் கூட்டாமல் விட்டால் இப்படித்தான்.

மாமி கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் சொன்னார்: "இதுக்க பூந்து வெளியில வாறதுக்கே எனக்கு அரை மணித்தியாலம் வேணும். பிறகு எங்க கூட்டுறது?"

அந்த வார்த்தையில்தான் இந்த வேலை தொடங்கியது. கூட்டாதது சோம்பலால் இல்லை. கூடு கட்டும்போது கோழிக்கு இடம் பார்த்தோம், வெயிலுக்கு மறைப்புப் பார்த்தோம். கூட்டுகிறவர் எங்கே நிற்பார் என்று யாரும் பார்க்கவில்லை.

பத்து நாள் கணக்கு

கணக்கு எழுதுவது என் வேலை. அதனால் உடனே மேசனைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. முதலில் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்து நாள் எழுதினேன். மாமி ஒரு நாளில் எத்தனை தரம் கூட்டுக்குள் குனிகிறார், எதற்காகக் குனிகிறார்.

ஏழு தரம். காலையில் திறந்துவிட, தண்ணீர் மாற்ற, தீன் போட, முட்டை எடுக்க இரண்டு தரம், பின்னேரம் மறுபடி தீன், இருட்டும்போது அடைக்க. தண்ணீர்ச் சட்டி அடைப்பின் அந்தத்தில் இருந்தது. முட்டைப் பெட்டி கூட்டின் பின்மூலையில், தவழ்ந்துபோய்க் கையை நீட்டினால்தான் எட்டும். ஒருநாள் அப்படி நீட்டிய கைக்கு அரை முழத் தூரத்தில் நாகம் சுருண்டு கிடந்தது. முட்டைக்கு வந்தது. மாமி அதைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. இந்த ஏழு வேலையில் கூட்டுக்குள் நின்றுதான் செய்யவேண்டும் என்று ஒன்றுகூட இல்லை. உள்ளே நின்றே ஆகவேண்டிய ஒரே வேலை கூட்டுவது. அது அந்த ஏழில் இல்லவே இல்லை. மாதத்துக்கு ஒருக்கால் என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டி உள்ளே புகுந்து இரண்டு மணித்தியாலம் சுரண்டுவார், அடுத்த நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிவார். அவ்வளவுதான் துப்புரவு.

இரண்டாவதாகப் பார்த்தது எச்சம் எங்கே விழுகிறது என்பதை. கோழி படுக்கிற தடிக்குக் கீழே உரப்பையை விரித்து, விடிய எடுத்துத் தராசில் வைத்தேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே இரவில். பகலில் விழுவது அடைப்பு முழுக்கச் சிதறி, வெயிலில் காய்ந்து, கோழி கிளறக் கிளற மண்ணோடு போய்விடுகிறது. தொல்லை எல்லாம் தடிக்குக் கீழே உள்ள 2 அடி அகலத் துண்டில்தான். அதாவது 16 அடி அடைப்பையும் கூட்டவேண்டியதில்லை. அந்தத் துண்டை நாள்தோறும் எடுத்தால் பாதி வேலைக்கு மேல் முடிந்தது.

நாள்தோறும் என்பதில் அர்த்தம் உண்டு. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி எச்சத்தோடு வெளியே வருகிறது. வந்த உடனே தொற்றாது. ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றி, கொத்தித் தின்னும் அடுத்த குஞ்சைப் பிடிக்கும் நிலைக்கு வரும். மாதம் ஒருக்கால் இரண்டு மணித்தியாலம் சுரண்டியதால் நாற்றம் குறைந்திருக்கலாம். குஞ்சுக்கு அதனால் பெரிய உதவி இல்லை.

மூன்றாவது ஈரம். கூட்டின் கூரை அடைப்புப் பக்கம் சரிந்திருந்தது. மாரியில் கூரைத் தண்ணீர் முழுவதும் கோழி நிற்கிற இடத்தில்தான் கொட்டியது. சேற்றை நாங்களே குழைத்து வைத்துவிட்டு நாற்றத்துக்குக் கோழியைக் குற்றம் சொல்லியிருக்கிறோம்.

வேலை

2023 ஆவணியில் தொடங்கினோம். மாரிக்கு முன் முடிக்கவேண்டும் என்பது ஒன்றுதான் கெடு. பக்கத்து வளவு அண்ணை மேசன் வேலை செய்பவர். வந்து பார்த்துவிட்டு, "முழுக்கச் சீமெந்து போடுங்கோ தங்கச்சி, கழுவி விட்டாச் சரி" என்றார். யோசித்துப் பார்த்தேன். கழுவினால் கழுவிய தண்ணீர் எங்கே போகும்? மாரியில் கழுவினால் எப்போது காயும்? கிளறாமல் கோழி சும்மா நிற்குமா? சீமெந்தை வாசலடியில் ஒரு துண்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

அடைப்பின் நிலத்தைக் கிரவல் போட்டு உயர்த்தினோம். எவ்வளவு உயரம் என்பதற்கு அளவுகோல் வீட்டுச் சுவரிலேயே இருந்தது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நேரம் வெள்ளம் நின்ற கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே போக எங்களுக்குக் காசு காணாது. சாதாரண மாரித் தண்ணீருக்கு மேலே, 6 அங்குலம், அதற்கான கிரவலை லான்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி வந்தோம். அதன்மேல் மணல், மணலுக்கு மேல் 4 அங்குலத்துக்கு உமி. கூரையைத் திருப்பிப் பின்பக்கம் சரித்து, ஒன்றரை அடி தாழ்வாரம் விட்டு, விழும் தண்ணீர் வாழைக்குப் போக வாய்க்கால் வெட்டினோம். முன்பக்க உயரம் இப்போது ஆறரை அடி. திறந்த பக்கம் தெற்கே பார்க்கிறது, வாடைக்காற்றோடு வரும் மழை பின்சுவரில் அடித்துவிட்டுப் போகிறது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுக்கு மேற்குப் பக்கம் கிடுகு.

கதவு 6 அடி உயரம், 3 அடி அகலம். ஒற்றைச்சில்லு வண்டியை முதலில் நிறுத்தி அளந்து, இரண்டு பக்கமும் கை போக இடம் விட்டு எடுத்த அளவு. உட்பக்கம் திறந்தால் கோழி வெளியே ஓடாது என்று எல்லாரும் சொன்னார்கள். உமி 4 அங்குலம் கிடக்கும் இடத்தில் உட்பக்கம் திறக்கும் கதவு நாலாம் நாளே இறுகிவிடும். வெளிப்பக்கம்தான் திறக்க வைத்தோம். உமி வழியாமல் இருக்க வாசலில் 10 அங்குலப் பலகை ஒன்றை ஆணி அடித்து இறுக்கினோம்.

அந்தப் பலகைதான் முதல் பிழை. அடித்த அடுத்த நாளே மாமி அதில் கால் தடக்கிக் கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினார், நல்லகாலம் விழவில்லை. குனியாமல் போக வாசல் வைத்துவிட்டு, முழங்கால் ஏலாத மனிசரைப் பத்து அங்குலம் தூக்கி வைக்கச் சொல்லியிருக்கிறோம். நிலையின் இரண்டு பக்கமும் சட்டம் அடித்து, பலகை அந்தப் பள்ளத்தில் இறங்கி நிற்கும்படி மாற்றினோம். உள்ளே போகும்போது மேலே இழுத்துச் சுவரில் சாய்த்துவிடலாம். இப்போது கோழிகளுக்கும் அது பழகிவிட்டது. பலகை உரசும் சத்தம் கேட்டால் எல்லாம் ஓடி வந்து நிற்கும்.

இரண்டாவது பிழை திறாங்கு, அதாவது தாழ்ப்பாள். வெளியிலிருந்து மட்டும் போடும்படி வைத்திருந்தோம். சோளகம் வீசிய ஒரு பின்னேரம் கதவு தானாக அடித்துச் சாத்த, திறாங்கு சரிந்து விழுந்துவிட்டது. மாமி உள்ளே. நான் வேலையால் வரும்வரை முக்கால் மணித்தியாலம் உமியில் குந்தியிருந்திருக்கிறார், மடியில் ஒரு பேடு. "சத்தம் போட்டிருக்கலாமே மாமி" என்றேன். "ஊர் சிரிக்கிறதுக்கோ?" என்றார். அன்று இரவே கதவில் ஓட்டை போட்டு, உள்ளேயிருந்து இழுத்தால் திறாங்கு கிளம்பும்படி நைலோன் கயிறு கட்டினார் இவர், என் கணவர். ஆள் நுழையும் அளவுக்குக் கூடு கட்டுகிறவர்கள் இந்தக் கயிற்றைக் கதவு பொருத்தும் அன்றே கட்டிவிடுங்கள்.

எச்சத் தட்டு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கவேண்டும் என்பது இதைத்தான்.

கோழி படுக்கும் தடி இப்போது நிலத்திலிருந்து 3 அடி உயரம். அதற்கு அரை அடி கீழே, அதாவது மாமியின் இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு தகரத் தட்டு. இரவில் விழுவதெல்லாம் அதில் விழும். விடிய வெளியே நின்றபடி இழுத்து, சுரண்டி, திருப்பித் தள்ளிவிடலாம். ஊர்க்கோழி மரத்தில் ஏறிப் படுத்த சாதி, மூன்றடி அதற்கு ஒரு உயரமே இல்லை. இறைச்சிக்கு வளர்க்கும் பாரமான கோழிக்கு இந்த உயரம் சரிவராது.

முதலில் எட்டடித் தகரம் ஒன்றையே முழுத் தட்டாக வைத்தோம். முதல் நாள் விடிய இழுத்தேன். பாதி வெளியே வந்ததும் நடுவில் மடிந்து, ஒரு இரவின் எச்சம் முழுவதும் என் காலில். பிறகு நாலடியாக இரண்டாக வெட்டி, நாலு பக்கமும் ஓர் அங்குலம் மடித்து, கீழே இரண்டு பனஞ்சிலாகையை (பனைமரச் சட்டம்) ஓட்டமாகக் கொடுத்தோம். முன்விளிம்பில் பழைய ரியூப் துண்டைக் கைபிடியாக ஆணியில் மாட்டினோம். தகரம் கையை வெட்டாது, ஈரக் கையிலிருந்து வழுக்கவும் மாட்டாது. சுரண்டுவதற்குத் தேய்ந்த மேசன் கரண்டி ஒன்றை அண்ணை தந்தார். அதன் மூலை மடிப்புக்குள் சரியாகப் போகிறது.

தட்டில் என்ன தூவுவது? அம்மம்மா காலத்திலிருந்து சாம்பல்தான். நாங்களும் அடுப்புச் சாம்பலைத் தூவினோம். இரண்டாம் நாள் விடியத் தட்டை இழுத்தபோது கண் எரிந்து நீர் வடிந்தது. சாம்பல் காரம், ஈர எச்சத்தில் பட்டால் அதிலுள்ள அமோனியாவைக் கிளப்பிவிடும். சுண்ணாம்பும் அதையேதான் செய்யும். உமிக்கு மாறினோம், நாற்றம் அடங்கிவிட்டது. சாம்பலை வீணாக்கவில்லை. பழைய லொறி ரயர் ஒன்றில் மணலோடு கலந்து வைத்தோம், கோழிகள் அதில் புரண்டு மண் குளிக்கின்றன.

தடிகளையும் மாற்றினோம். முன்பு கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது கம்பிக்கும் தடிக்கும் நடுவே செள் என்ற சின்னப் பூச்சி அப்பியிருந்தது, மிளகாய்த்தூள் கொட்டினது போல. பகலில் அந்த வெடிப்புக்குள் ஒளிந்திருந்து இரவில் கோழியின் இரத்தம் குடிக்கிற சாதி அது. பேடுகள் முட்டையைக் குறைத்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கும். இப்போது தடிகள் கவட்டில் சும்மா கிடக்கின்றன. வாரத்துக்கு ஒன்றைத் தூக்கி, கொதிதண்ணீர் ஊற்றி, வெயிலில் போட்டு, முனைகளில் வேப்பெண்ணெய் பூசி வைக்கிறோம். எல்லாத் தடியும் ஒரே உயரம். ஏற்ற இறக்கமாக வைத்தால் உச்சித் தடிக்கு அடிபாடு, கீழே படுக்கும் கோழியின் முதுகில் மேல்கோழியின் எச்சம்.

வெளியில் நின்று செய்கிறவை

முட்டைப் பெட்டிகளைக் கூட்டின் வெளிச்சுவரில் தொங்கவிட்டோம். ஓரடிச் சதுரமாக நாலு பெட்டி, பதினெட்டுப் பேட்டுக்கு அது காணும். மூடி வெளிப்பக்கம் திறக்கும், மழை போகாமல் பிணைச்சலுக்கு (கீல்) மேலே ரியூப் பட்டை. பாம்புக்குப் பயந்து அடைப்பின் கீழ் இரண்டடிக்கு அரை அங்குலக் கண் வலை அடித்தோம். நாகம் முற்றாக வராது என்று சொல்லமாட்டேன். மாமி இப்போது மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையை விடுகிறார், முன்பு கையை விட்டுத்தான் பார்த்தார்.

தண்ணீர்ச் சட்டி இப்போது அடைப்புக்கு வெளியே. வலையில் ஓரிடத்தை வெட்டி, 3 அங்குல இடைவெளியில் பனஞ்சிலாகையை நிறுத்தினோம். கோழி தலையை மட்டும் வெளியே நீட்டிக் குடிக்கும். சிந்துவது வெளியே கிரவலில் சிந்தும், கிளறிச் சட்டியை மண்ணால் நிரப்பவும் முடியாது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தந்த வேலை இதில் வேறில்லை. குஞ்சு இருக்கும் நாளில் அந்த இடைவெளியால் குஞ்சு வெளியே வந்துவிடும். அப்போது ஒரு பலகையை வைத்து மறைத்துவிட்டு, உள்ளே சின்னத் தட்டில் தண்ணீர் வைக்கவேண்டும்.

தீனுக்கு நாலு அங்குலப் பீவீசீ குழாயும் முழங்கையும் வாங்கி, வெளியேயிருந்து கொட்டும்படி பொருத்தினேன். எனக்கு அதில் பெருமை இருந்தது. தவிடு ஈரம் பிடித்து முழங்கையில் கட்டியாக இறுகியது. குறுணல் போட்டால் எலி வந்தது. அதைவிட மாமிக்கே அது பிடிக்கவில்லை. "கையால எறியாட்டி அதுகள் என்னட்ட வராதுகள் பிள்ளை." வாசலில் நின்று எறிகிறார், எல்லாம் காலடிக்கு வருகின்றன, நொண்டுகிற கோழியும் தின்னாத கோழியும் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. குழாய் விஷயத்தில் நான் தோற்றேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கூட்டுக்கென்று ஒரு சோடிச் செருப்பு வாசலில் கிடக்கிறது. சந்தைக்குப் போன செருப்போடு உள்ளே போகக்கூடாது, நோய் காலோடுதான் வரும். இதை மாமி மறக்கமாட்டார், இவர்தான் மறப்பார்.

இரண்டு மாரிக்குப் பிறகு

மொத்தச் செலவு ஏறத்தாழ 30,000 ரூபாய். வலை, கிரவல், இரண்டு பை சீமெந்து, பிணைச்சல், கொளுக்கி, ஆணி. மரமும் சிலாகையும் வளவில் இருந்தவை. அண்ணை கூலி வாங்கவில்லை, முட்டை வாங்கினார்.

காலையில் தட்டு இரண்டையும் இழுத்துச் சுரண்டி உள்ளே தள்ள ஆறு, ஏழு நிமிடம். செய்பவர் மாமிதான், நிமிர்ந்து நின்று. வருடத்துக்கு இரண்டு தரம், மாரிக்கு முன் புரட்டாதியிலும் மழை ஓய்ந்த மாசியிலும், உமி முழுவதையும் மண்வெட்டியால் அள்ளி வண்டியில் வெளியே கொண்டுபோகிறோம். ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். எச்சத்தை வைக்கோலோடு குழியில் போட்டு மூன்று மாதமாவது விடுகிறோம். முதல் தடவை அவசரப்பட்டுப் பச்சையாக மிளகாய்க்குப் போட்டு ஆறு கன்று கருகிப்போனது.

2023 மாரியில் பொரித்த ஒன்பது குஞ்சில் இரண்டு செத்தன, ஒன்று பிராந்துக்குப் போனது. அடுத்த மாரியில் பதின்மூன்றில் மூன்று. கூடு மாற்றியதால் மட்டும்தான் இப்படி என்று நான் எழுதமாட்டேன். மிருக வைத்தியர் சொன்ன மருந்தையும் அதே காலத்தில் தண்ணீரில் கலந்து கொடுத்தோம். இரண்டில் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துப் பார்க்க என் கலண்டர் தாள் போதாது. நாற்றம் போனதைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை. குசினி யன்னல் மார்கழியிலும் திறந்துதான் கிடக்கிறது.

இன்னும் சரிவராதவை உண்டு. மேல் வலையில் வேப்பஞ் சருகு சேர்ந்து, மழையில் பாரம் ஏறித் தொங்குகிறது, மாதம் ஒருக்கால் தடியால் தட்டவேண்டும். சோளகத்தில் கிடுகு பிய்ந்தால் உமி பறந்து முற்றத்துக்கு வருகிறது. அதைவிட அவசரம் கதவுத்தூண். காசை மிச்சம் பிடிக்கப் வேலிக்கு நடும் பச்சைத் தடியான பூவரசங் கதியாலையே தூணாக நட்டிருந்தோம். முதல் மாரியில் துளிர்த்தது, இரண்டாம் மாரியில் பருத்துவிட்டது. பிணைச்சல் ஆணிகள் பட்டைக்குள் புதைந்து கதவு ஒரு விரல் அளவு சரிந்து நிற்கிறது. வெட்டிவிட்டுப் பனங்குற்றி நடுவோம் என்கிறார் இவர். மாமி விடுகிறாரில்லை, கோழிக்கு நிழலாம், குழை ஆட்டுக்காம். கடைசியில் அந்தத் தூணை மரமாகவே விட்டுவிட்டு, ஓரடி தள்ளிப் பனங்குற்றி நட்டுக் கதவை அதற்கு மாற்றுவதென்று பேசி வைத்திருக்கிறோம். வரும் ஆவணிக்கு அந்த வேலை.